தோற்காத டெஸ்ட்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சங்கரியை ஒரு விஷயம் உறுத்தியது. அந்த ஆபீஸில் எந்த டெஸ்ட்டும் தோற்பதே இல்லை.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது ஆபீஸ். முதலாளி உதயகுமார். மருத்துவமனை, கல்லூரி, கம்பெனி என்று கம்ப்யூட்டர்கள் நிறைய இருக்கும் இடங்களில் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளை அமைத்துக் கொடுப்பதும், பிறகு கவனித்துக்கொள்வதும் அவர் தொழில். முன்பெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள் லேப்டாப்போடு போய் உட்கார்ந்து கட்டளைகளைத் தட்ட வேண்டும். இப்போது அதற்கு ஒரு புரோகிராம் வைத்திருந்தார்கள். ஆபீஸில் அதை ‘ரோல்’ என்பார்கள். எந்தக் கிளையில் எந்தப் பெட்டி யாரை உள்ளே விட வேண்டும், யாரை விடக் கூடாது என்று ரோலில் எழுதிவிட்டால் போதும், ஒரே தட்டில் எல்லாப் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சரியாக எழுதினால் எல்லா ஊரிலும் சரி. தப்பாக எழுதினால் எல்லா ஊரிலும் தப்பு. அதனால் ரோலில் ஒரு வரி மாறினாலும், அது வெளியே போவதற்கு முன் டெஸ்ட்டுகள் தாமாக ஓடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த டெஸ்ட்டுகளைப் பராமரிக்கத்தான் சங்கரியை எடுத்திருந்தார்கள்.

ரோலையும் டெஸ்ட்டுகளையும் எழுதியவன் ராமராஜன். ஆபீஸில் அவன்தான் மூத்தவன். கலகலவென்று பேசுவான். எல்லாருக்கும் அவன் கணக்கில் டீ வரும். சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் டெஸ்ட்டுகளின் முடிவு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வரிசை வரிசையாகப் பச்சை டிக். யாராவது புது வாடிக்கையாளர் வந்தால் உதயகுமார் அவரை நேராக அந்த டிவி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். “நூத்துக்கு நூறு பாஸ் சார். காஞ்சிபுரத்துல இந்த மாதிரி எவன் பண்ணிக்கினு இருக்கான் சொல்லுங்க.”

சங்கரி இதற்குமுன் சிறுசேரியில் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலை பார்த்தவள். மகள் அபி பிறந்த பிறகு அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் ஊரிலேயே வேலை தேடிக்கொண்டாள். சிறுசேரியில் காலையில் வந்து உட்கார்ந்தால் நான்கைந்து டெஸ்ட்டாவது சிவப்பாகக் கிடக்கும். அதைத் திட்டிக்கொண்டே சரிசெய்வதுதான் பிழைப்பு. இங்கே வேண்டுமென்றே ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுப் பார்த்தாள். பச்சை. இன்னொரு வரியை அழித்துப் பார்த்தாள். அதுவும் பச்சை.

“ராமராஜன், இதெல்லாம் எந்தச் சுவிட்ச் மேல ஓடுது?”

“அதோ, ரேக்ல இருக்குது பாருங்க, டெஸ்ட்டிங் சுவிட்ச்.” மூலையில் நின்ற இரும்பு அலமாரியைக் காட்டினான். “அது என் பொறுப்பு. நீங்க மேல இருக்குற டெஸ்ட்டு மட்டும் பாருங்க. கீழ கனெக்ஷன் பார்ட்ல கை வெக்காதீங்க. அதுக்கு உங்களுக்கு அனுமதியும் போடல.”

“ஒரு வரி அழிச்சாலும் பச்சையா வருதே?”

“அழிச்ச வரி தேவையில்லாத வரியா இருக்கும்.” சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போன் செய்தான்.

அந்த அலமாரியிலிருந்து நாற்றம் வந்துகொண்டிருந்தது. எலி செத்திருக்கும் என்றார்கள். யாரும் திறந்து பார்க்கவில்லை. அதன் தலைமேல் மல்லிகை ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். அழுகலும் மல்லிகையும் சேர்ந்து ஒரு வாடையாகி, சங்கரி மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சோற்று மணத்தையே மூழ்கடித்தது. அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். அங்கே கீழ்க்கடையின் விற்பனைப் பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் காவேரி என்ற பெண் அவளுக்குப் பழக்கமானாள். உயரமாக, வெடுக்கென்று பேசுகிற பெண். புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டுவதில் அந்தக் கடையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். “நீங்க மேல இன்னாக்கா பண்றீங்க? நாள் பூரா சத்தமே வர்றதில்ல,” என்று ஒருநாள் கேட்டாள்.

“பூட்டு சரியா பூட்டியிருக்குதான்னு இழுத்துப் பாக்குற வேலை.”

“வாட்ச்மேன் வேலையா?” காவேரி சிரித்தாள்.

அந்த மாதம் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் வேலை வந்தது. காஞ்சிபுரத்தில் பெரிய மருத்துவமனை, சுற்று ஊர்களில் கிளைகள். எல்லாக் கிளைகளிலும் நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு இலவசமாக ஒரு ‘கெஸ்ட் வை-ஃபை’ வேண்டும் என்று கேட்டார்கள். வெளியாட்கள் அந்த வை-ஃபையில் சேர்ந்து இன்டர்நெட் பார்க்கலாம், ஆனால் மருத்துவமனையின் உள் கம்ப்யூட்டர்கள் எதையும் அவர்கள் தொட முடியக் கூடாது. ராமராஜன் ரோலில் அதற்கான தடைவிதியை எழுதினான். டெஸ்ட் ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் பச்சை.

“இவ்ளோ சீக்கிரமாவா?” என்றாள் சங்கரி. நிஜமான ஒரு சுவிட்சோடு பேசுவதென்றால் கொஞ்ச நேரமாவது பிடிக்கும்.

“நல்ல கோட் அப்டிதான் ஓடும்,” என்றான் ராமராஜன். உதயகுமார் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். அன்று மாலையே எல்லாக் கிளைகளுக்கும் ரோல் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். சங்கரி காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தபோது ராமராஜனைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவன் கையில் போன். எல்லார் முகத்திலும் எச்சில் வழிகிற மாதிரி ஒரு சிரிப்பு.

“சங்கரி, கீழ் கடையில ஒரு பொண்ணு இருக்குதே, ஒசரமா, காவேரி. நீங்க கூட அதோட சேந்து சாப்புடுவீங்களே. விஷயம் தெரியுமா?” போனை அவள் பக்கம் திருப்பினான்.

மருத்துவமனை லேபின் ரிப்போர்ட். காவேரியின் பெயர், வயது. கர்ப்பப் பரிசோதனை. பாசிட்டிவ். அதற்குக் கீழே யாரோ மஞ்சளாக ஒரு வட்டம் போட்டு, ‘கல்யாணம் எப்போ?’ என்று எழுதி, சிரிக்கும் பொம்மைகளை ஒட்டியிருந்தார்கள்.

“எங்கருந்து வந்துது இது?”

“குரூப்ல சுத்திக்கினு இருக்குது. ஊரே பாத்துடுச்சி. நானும் ரெண்டு பேருக்கு அனுப்பிட்டேன்.”

சங்கரிக்கு அவன் விரல்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் விளையாடிக்கொண்டிருந்த விரல்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனவள், படத்தின் மேல்பகுதியைப் பார்த்து நின்றுவிட்டாள். அது கம்ப்யூட்டர் திரையை யாரோ போட்டோ எடுத்தது அல்ல. ஒரு போனிலேயே அந்த ரிப்போர்ட் திறந்திருக்கிறது. போனின் பேட்டரி அடையாளமும் வை-ஃபை அடையாளமும் மேலே தெரிந்தன. மருத்துவமனையில் போன்களுக்கு என்று இருப்பது அந்தக் கெஸ்ட் வை-ஃபை ஒன்றுதான். அதன் கீழே லேப் கம்ப்யூட்டரின் உள்முகவரி. அந்த முகவரியை அவளுக்குத் தெரியும். வெளியாட்கள் தொடக் கூடாத பட்டியலில் முதலில் நிற்பது அதுதான். தொட முடியவில்லை என்று டெஸ்ட் அன்று பச்சை காட்டியிருந்தது.

“ராமராஜன், இது கெஸ்ட் வை-ஃபைலருந்து எடுத்தது.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். மற்றவர்கள் மெல்ல அவரவர் இடத்துக்கு நகர்ந்தார்கள். “அப்டியெல்லாம் இருக்காது. டெஸ்ட் பாஸ் ஆயிருக்குது இல்ல,” என்றான்.

அவள் நேராக மூலை அலமாரியிடம் போனாள். பூட்டு பேருக்குத்தான் தொங்கியது. கைப்பிடியைப் பலமாக இழுத்ததும் கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வந்த வாடையில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒயர்களின் தோலைக் கடித்துக் கடித்துச் செய்த கூடு. அதில் முடி உதிர்ந்து தட்டையாய் ஒட்டிப்போன எலி. சுவிட்ச் இருக்க வேண்டிய தட்டில் நான்கு திருகாணிகளும் சதுரமாய் ஒரு தூசி குறைந்த இடமும் மட்டும் இருந்தன. சுவிட்ச் இல்லை.

புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் திரும்பினாள். “எங்க ராமராஜன் அது?”

“மொதல்ல கதவ மூடுங்க, நாறுது.”

“சுவிட்ச் எங்க?”

“சார் மச்சான் கல்யாண மண்டபம் கட்டுனாரு இல்ல, சின்ன காஞ்சிபுரத்துல. அங்க சிசிடிவிக்கு ஒண்ணு அவசரமா வோணும்னு சார்தான் எடுத்துக்கினு போனாரு. வேற வாங்கித் தர்றேன்னு சொன்னாரு. வாங்கல. அதுக்கு நா இன்னா பண்றது?”

“அப்ப டெஸ்ட்டு எது மேல ஓடுது?”

ராமராஜன் தோளைக் குலுக்கினான். தன் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து, பார்த்துக்கொள் என்பதுபோல நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விலகினான். சங்கரி படித்தாள். சுவிட்ச் அங்கே இருந்த காலத்தில் அது சொன்ன பதில்களையெல்லாம் ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தான். டெஸ்ட் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அந்தப் பழைய பதில்களையே எடுத்துப் படித்து, சரி சரி என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தது. பழைய பதில் இல்லாத புது டெஸ்ட்டுகளின் தலையில் ‘ஸ்கிப்’ என்று போட்டிருந்தான். ஓடாமலே தாண்டிப் போன டெஸ்ட்டுக்கும் டிவியில் பச்சையே வரும்படி நிறத்தை மாற்றி வைத்திருந்தான். கெஸ்ட் வை-ஃபை லேபைத் தொடக் கூடாது என்று பார்க்கும் டெஸ்ட் அப்படித் தாண்டிப் போனவற்றில் ஒன்று. ‘அப்புறம் பாக்கலாம்’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

அவளுக்குக் குமட்டியது எலியால் மட்டுமல்ல. இத்தனை நாளும் அந்த டிவியின் கீழே உட்கார்ந்து, அந்தப் பச்சையைக் காட்டி வாங்கிய ஜாங்கிரியைத் தின்றிருக்கிறாள். பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தேய்க்காத மஞ்சள் வாஷ்பேசினில் யாரோ துப்பிய பாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைக்காமலே வெளியே வந்தாள்.

மாடிப்படியில் மேரி நின்றிருந்தாள். மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். ஓரிக்கைக்காரி. அபி வயிற்றில் இருந்தபோது சங்கரிக்கு ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுத்தவள். ஊசி குத்துவதே தெரியாது. அப்போதிலிருந்து பழக்கம்.

“சங்கரிமா, உங்க ஆபீஸ்தான எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பாக்குறது?” மேரியின் குரல் கம்மியிருந்தது. “அந்தப் பொண்ணு ரிப்போர்ட்ட நாந்தான் தொறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்னு சொல்லி வூட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க. உங்க சார்தான் அப்டி சொன்னாராம், சிஸ்டத்துல தப்பே இல்ல, ஸ்டாஃப் தப்புதான்னு. நா இன்னாமா பண்ணேன்? அந்தப் பொண்ணு மூஞ்ச கூட எனக்கு ஞாபகம் இருக்குது. பயந்துக்கினே கைய நீட்டுச்சி.”

“எப்ப சொன்னாரு?”

“நேத்தே.”

சங்கரிக்கு வாய் கசந்தது. நேற்றே தெரிந்திருக்கிறது உதயகுமாருக்கு. “நீங்க வூட்டுக்குப் போங்கக்கா. நா பேசுறேன்,” என்று மட்டும் சொன்னாள்.

உதயகுமார் தன் அறையில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கரி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கிழங்கை வழித்து வாயில் போட்டு, விரலை நக்கியபடியே கேட்டார்.

“உக்காருமா. இத்த நீ யார்கிட்டயாவது சொன்னியா?”

“இன்னும் இல்ல சார். மொதல்ல ஓட்டைய அடைக்கணும். இப்பவும் எவன் வேணா அந்த வை-ஃபைல சேந்து லேப் உள்ள போலாம்.”

“அவசரப்படாத. நாளைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரில மீட்டிங் இருக்குது. அது முடியறவரைக்கும் யாரும் கை வெக்க வோணாம். இப்பப் போயி மாத்துனா, தப்பு நம்மளதுன்னு நாமளே ஒத்துக்குன மாதிரி ஆயிடும்.”

“சார், உள்ள எல்லாரோட ரிப்போர்ட்டும் இருக்குது.”

“ஒரு நாள்தானமா.” தண்ணீர் குடித்தார். “நீயும் என்கூட வர்ற. டெஸ்ட்டிங் பாக்குறது நீதானே. உன்ன ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க, டெஸ்ட்டெல்லாம் பாஸ் ஆச்சான்னு. ஆச்சின்னு சொல்லு. அது பொய் இல்லயே? பாஸ் ஆச்சி இல்ல?”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைக் கூசவைத்தது. அது பொய் இல்லை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால் மறுத்துவிட்டு வந்திருப்பாள். இவர் உண்மையை எடுத்து, எண்ணெய்க் கையால் தடவி அவள் வாயில் வைக்கப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் கணவன் முத்துக்குமாரிடம் சொன்னாள். அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தான். அபிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டான்.

“அளக்காமலே ஓகே முத்திரை குத்துனா எங்க லைன்ல அன்னிக்கே வெளிய போக வேண்டியதுதான். இவனுங்க வருஷக்கணக்கா குத்திக்கினு இருக்கானுங்களா?”

“நானும் அந்த டிவி கீழதான் உக்காந்துக்கினு இருந்தேன்.”

“உனக்குத் தெரியாதே.”

“நெனச்சிப் பாத்தா எனக்கே அசிங்கமா இருக்குதுங்க. மொத வாரமே சந்தேகம் வந்துது. ரேக்க அன்னிக்கே தொறந்திருக்கலாம்.”

“சரி, நாளைக்கு இன்னா பண்ணப் போற?”

“வெறும் வாயால சொன்னா எம் மேலயே திருப்பிடுவாங்க. ஒரு சுவிட்ச் வேணும்.”

மறுநாள் காலை அபியைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டியை நேராகச் சின்ன காஞ்சிபுரத்துக்கு விட்டாள். மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணம் முடிந்திருந்தது. வாழை இலைகள் வாசலில் குவிந்து, அவற்றைத் தெருமாடுகள் இழுத்துக்கொண்டிருந்தன. மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதயகுமார் சார் ஆபீஸ்லருந்து வர்றேன். எங்க சுவிட்ச் ஒண்ணு இங்க இருக்குது. எடுத்துக்கினு போகணும்.”

“அதுவாமா? சமையல்கட்டுல இருக்குது பாரு. அத்த எடுத்தா கேமரா நின்னுடுமே?”

“நின்னுடும். அது எங்க ஆபீஸ் டெஸ்ட்டிங் சுவிட்ச். சாருக்கு நானே சொல்லிக்கிறேன்.”

அவர் யோசித்தார். அடுத்த கல்யாணத்துக்கு நாள் இருந்தது. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே போகச்சொல்லித் தலையசைத்தார்.

சமையல்கட்டில் பெரிய அடுப்புக்கு மேலே, ஒரு மரப்பலகையில் சுவிட்ச் கிடந்தது. சாம்பார் ஆவியும் எண்ணெய்ப்புகையும் படிந்து படிந்து பெட்டியின் மேல் விரல் பதியும் அளவுக்குப் பிசுக்கு. ஒரு ஒயரை உருவியதும் துளையிலிருந்து கரப்பான்குஞ்சுகள் சிதறி அவள் மணிக்கட்டின்மேல் ஏறின. கையை உதறினாள். ஒரு கணம் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா ஒயர்களையும் உருவி, பெட்டியைப் பழைய துண்டில் சுற்றி, ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வாசலிலேயே உட்கார்ந்து ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாள். கறுப்புக் கறுப்பாகப் பஞ்சு குவிந்தது. மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் எரிந்தன. மருத்துவமனையில் இருக்கும் பெட்டிகளின் அதே ரகம். அங்கே போட்டிருக்கும் அதே புது மென்பொருளை இதற்கும் ஏற்றினாள். ஆபீஸ் லேப்டாப்பை அதோடு இணைத்து ரோலை ஓட்டினாள். ராமராஜனின் சேமித்த பதில்களைத் தொடாமல், பெட்டியையே கேட்கும்படி ஒரே ஒரு டெஸ்ட் எழுதினாள். கெஸ்ட் வை-ஃபையிலிருந்து லேபைத் தொட முடிகிறதா?

நேரம் பிடித்தது. பிறகு சிவப்பு.

அந்தச் சிவப்பைப் பார்த்து அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அந்த வேலையில் சேர்ந்த பிறகு அவளிடம் பொய் சொல்லாத முதல் திரை அது. தோண்டிப் பார்த்ததில் காரணமும் கிடைத்தது. ரோல் தடைவிதியை எழுதிப் பெட்டிக்குள் வைத்திருந்தது. பழைய மென்பொருளில் அது தானாகவே வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது மென்பொருளில் எந்த வாசலுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பூட்டை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, கதவைத் திறந்தே போட்டிருந்தார்கள், எல்லாக் கிளைகளிலும்.

மருத்துவமனை மீட்டிங்கில் நிர்வாக அதிகாரி ராஜவேலு தலைமை வகித்தார். கண்டிப்பானவர் என்று பெயர். மேரியையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் சுவரோரமாக, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதயகுமார் வழக்கமான சிரிப்போடு தொடங்கினார். ஸ்டாஃபுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்றார். அதையும் தன் ஆபீஸே நடத்தித் தரும் என்றார்.

“உங்க பக்கம் டெஸ்ட் பண்ணீங்களா?” என்று கேட்டார் ராஜவேலு.

“நம்ம டெஸ்ட்டிங் பொண்ணே வந்திருக்குது சார். சொல்லுமா.”

சங்கரி எழுந்தாள். “சார், மொதல்ல உங்க கெஸ்ட் வை-ஃபைய எல்லாக் கிளைலயும் அணைக்கச் சொல்லுங்க. மீதிய அப்புறம் சொல்றேன்.”

உதயகுமாரின் சிரிப்பு அப்படியே நின்றது. “சங்கரிமா, நீ இன்னா...”

“ஏன் அணைக்கணும்?” என்றார் ராஜவேலு.

“வெளிய ஹால்ல உக்காந்துக்கினு இருக்குற யார் வேணா லேப் ரிப்போர்ட்ட அவங்க போன்ல பாக்கலாம் சார். இப்பவும். உங்க போன்லயே பாருங்க.”

ராஜவேலு தன் போனைக் கெஸ்ட் வை-ஃபையில் சேர்த்தார். அவள் சொன்ன முகவரியைத் தட்டினார். அடுத்த கணம் அவர் முகம் மாறியது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார், சூடுபட்டதைப்போல. அவரே எழுந்து வெளியே போய், வை-ஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

“மேரியக்கா எதையும் தொறந்து போடல சார்,” என்றாள் சங்கரி. “நாங்கதான் தொறந்து போட்டோம். டெஸ்ட்டெல்லாம் பாஸ் ஆச்சின்னு சொல்லச் சொன்னாங்க. அந்த டெஸ்ட்டு எதையுமே பாக்கல. பாக்குற பெட்டிய கல்யாண மண்டபத்துல மாட்டி வெச்சிருந்தாங்க. இன்னிக்குக் காலைல எடுத்துக்கினு வந்து ஓட்டுனேன். தோத்துப்போச்சி.”

ராஜவேலு மேரியின் பக்கம் திரும்பினார். எல்லார் முன்னாலும், “மன்னிச்சிடுங்கமா. நாளைக்கு டூட்டிக்கு வந்துடுங்க,” என்றார். மேரி தலையைக்கூட அசைக்கவில்லை. கைப்பையின் பிடியை விட்டாள், அவ்வளவுதான்.

உதயகுமார் வேர்த்துப்போனார். ஆனால் அவருடைய நாக்கு சீக்கிரமே எழுந்து நின்றுவிட்டது. “பாத்தீங்களா சார்? இதுக்குத்தான் சார் நாங்க டெஸ்ட்டிங்குக்குன்னு தனியா ஆள் வெச்சிருக்கோம். எங்க தப்ப எங்க ஆளே கண்டுபிடிச்சி உங்ககிட்ட நேரா வந்து சொல்லுது. வேற எந்தக் கம்பெனிலனா இப்டி நடக்குமா?”

சங்கரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கத்தின் சாயலே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் அவளை வாயை மூடச் சொல்லத் துடித்த முகம். அவள் பிடித்துக் காட்டிய அழுக்கையே எடுத்துப் பொட்டாக வைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் வெளியே போய் வராண்டாவில் நின்று மூச்சு வாங்கினாள்.

ஓட்டை அன்றே அடைக்கப்பட்டது. எப்படிப் பேசினாரோ, உதயகுமார் அந்த மருத்துவமனையின் வேலையைத் தக்கவைத்துக்கொண்டார். அந்த வார இறுதியில் சங்கரியைக் கூப்பிட்டு, இனி நீதான் டீம் லீட் என்றார்.

“எனக்கு வேணாம் சார். மாசக் கடைசியோட நின்னுக்கிறேன். அதுவரைக்கும் என் வேலையப் பாக்குறேன்.”

அவள் வேலையைப் பார்த்தாள். அலமாரியைக் காலிசெய்து, டெட்டால் ஊற்றித் துடைத்து, சுவிட்சைத் திருப்பி மாட்டினாள். ராமராஜனின் சேமித்த பதில்களை அழித்தாள். ஸ்கிப்புகளை எடுத்தாள். நிறத்தைச் சரிசெய்தாள். டெஸ்ட் தோற்றால் ரோல் வெளியே போகவே முடியாதபடி கட்டிவைத்தாள். டிவியில் பாதிக்குமேல் சிவப்பு. கல்லூரிகள், கம்பெனிகள், எல்லாருடைய அமைப்பிலும் ஏதோ ஒன்று திறந்து கிடந்தது. உதயகுமார் டிவியை அணைத்துவிட்டு, மேலே சாமி படம் போட்ட ஒரு காலண்டரை மாட்டினார். ஆனால் ரோல் நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஆட்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டிவந்தது. ராமராஜன் அவளோடு பேசுவதை நிறுத்தினான்.

காவேரி கடைக்கு வருவதில்லை. கடை முதலாளி வர வேண்டாமென்று சொல்லிவிட்டதாக மற்றப் பெண்கள் படிக்கட்டில் சொன்னார்கள். சொல்லும்போது அவர்களும் குரலைத் தாழ்த்தி, உதட்டைக் கோணிக்கொண்டார்கள். சங்கரி அங்கே சாப்பிடுவதையும் நிறுத்தினாள்.

சங்கரி வேலையைவிட்டு நின்ற மறுநாள் காவேரியே வீட்டுக்கு வந்தாள். மேரியிடம் விலாசம் வாங்கியிருக்கிறாள். மெலிந்திருந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

“அக்கா, மேரிக்கா எல்லாம் சொன்னாங்க. நா போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறேன். வூட்ல வேணாம்னு அழுவுறாங்க. இதோட வுடு, ஊரு மறந்துடும்னு சொல்றாங்க. எனக்கு வுட மனசு வரல. எப்டி வெளிய போச்சின்னு நீங்க வந்து சொல்வீங்களா?”

“வர்றேன்.”

“உங்க ஆபீஸ் பேரும் வரும்.”

“வரட்டும். யாரு படம் அனுப்புனாங்கன்னும் எனக்குத் தெரியும். என் முன்னாலயே ஒருத்தன் அனுப்பிட்டேன்னு சொன்னான்.”

காவேரியின் முகம் சுருங்கியது. யாரென்று கேட்கவில்லை. “உங்க முன்னாலயேவா?” என்று மட்டும் கேட்டாள். சங்கரி உள்ளே போய் ஸ்கூட்டிச் சாவியை எடுத்துவந்தாள்.

இருவரும் ஸ்கூட்டியில் போனார்கள். ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சங்கரி சுவிட்சைப் பற்றியும், ஸ்கிப்பைப் பற்றியும், ஒருநாள் முழுக்க ஓட்டையை அடைக்காமல் வைத்திருந்ததைப் பற்றியும் சொன்னாள். ராமராஜனின் பெயரைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அவனைப் போனோடு வரச்சொல்லிவிட்டார்கள்.

அவன் உள்ளே வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சங்கரியை மட்டும்தான் பார்த்தான். பக்கத்திலிருந்த காவேரியை அவன் கண் தாண்டிப் போனது. “இன்னா சங்கரி இது? ஃபார்வேர்டுதான பண்ணேன். எனக்கு வந்தத அனுப்புனேன். இதுக்குப் போயி ஸ்டேஷன் வரைக்குமா? நாம ஒண்ணா வேல செஞ்சவங்க இல்ல?”

சங்கரிக்குப் பேசப் பிடிக்கவில்லை. பேசினால் அவனுடைய சொற்கள் தன் வாயிலும் ஒட்டிக்கொள்ளும்போல் இருந்தது. காவேரிதான் எழுந்தாள். அவன் முன்னால் போய் நின்றாள்.

“போன எஸ்.ஐ. மேடம்கிட்ட குடு. யாராருக்கு அனுப்புனன்னு நீயே சொல்லு. ஒவ்வொரு பேரா சொல்லு. நா இங்கதான் நிக்கப் போறேன்.”

அவன் எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராமராஜன் போனைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு, முதல் பெயரைச் சொன்னான். குரல் வெளியே வரவில்லை.

“சத்தமா சொல்லு,” என்றாள் காவேரி.